மூலப்பத்திரமும் நகலும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

வேப்பனப்பள்ளியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதனுள் மஞ்சள் துணியில் சுற்றிய நிலப்பத்திரம் ஒன்று உண்டு. என் பாட்டனார் வாங்கிய ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தின் மூலப்பத்திரம் அது. கூட்டுறவுச் சங்கத்திற்கோ, மின்சார அலுவலகத்திற்கோ, தாலுகா அலுவலகத்திற்கோ போக நேர்ந்தால் என் தந்தையார் மூலத்தை எடுத்துச் செல்லமாட்டார். நகலைத்தான் எடுத்துச் செல்வார். அந்த நகலிலும் எல்லாப் பக்கங்களும் இரா. வேலைக்கு வேண்டிய பக்கங்கள் மட்டுமே இருக்கும். நகல் கசங்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், மடிப்பில் கிழியும். கிழிந்தால் மூலத்திலிருந்து வேறொரு நகல் எடுக்கப்படும். மூலம் மட்டும் வெயில் படாமல் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

பாரமீசியம் என்னும் ஒரு செல் உயிரியைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில் எனக்கு இந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆகவே பெரிய சொற்களால் எழுத எனக்கு வராது. தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். பிழை இருப்பின் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

சிவப்பு மையில் ஒரு கேள்வி

சென்ற பருவத்தில் நடந்த வகுப்புத் தேர்வில் 'பாரமீசியத்தின் இரு உட்கருக்கள்' பற்றி ஐந்து மதிப்பெண் வினா ஒன்று வந்தது. எனக்கு மனப்பாடமான விடை. 'பாரமீசியத்தில் பெரிய உட்கரு, சிறிய உட்கரு என இரண்டு உள்ளன. பெரியது உடலின் அன்றாட வேலைகளைக் கவனிக்கிறது. சிறியது இனப்பெருக்கத்திற்கு உதவுகிறது. இரண்டிலும் உள்ளது ஒரே டி.என்.ஏ.தான், பெரியதில் அதன் படிகள் அதிகம், அவ்வளவே' என்று எழுதி முடித்தேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது மதிப்பெண் குறையவில்லை. ஆனால் கடைசி வரியின் ஓரத்தில் எங்கள் பேராசிரியர் சிவப்பு மையால் 'உறுதியாகத் தெரியுமா?' என்று எழுதியிருந்தார்.

உறுதியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. குறிப்பேட்டில் இருந்ததை எழுதினேன், சிந்தித்து எழுதவில்லை. அந்த இரண்டு சொற்கள் என்னை ஓர் ஆண்டாக விடவில்லை.

அந்தச் சமயத்தில் வீட்டிலும் ஒரு கேள்வி எழுந்திருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் என் மாமா, தான் இருக்கும் கம்பெனியில் ஆள் எடுப்பதாகவும், உடனே சேர்ந்தால் மாதச் சம்பளம் கைக்கு வரும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். என் தந்தையார் ஓசூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் ஓட்டுபவர். வலக்கையில் இரண்டு விரல்களின் நுனியை அந்த வேலைக்குக் கொடுத்தவர். 'போ' என்றும் சொல்லவில்லை. 'போகாதே' என்றும் சொல்லவில்லை. அம்மாதான் கேட்டார்: "கண்ணு, அந்தப் பூச்சியப் படிச்சு என்னடா ஆகப் போகுது?" எனக்கு விடை சொல்ல வரவில்லை.

கேழ்வரகுத் தாளும் குளத்து நீரும்

பாரமீசியத்தைக் காண வேண்டுமானால் வைக்கோல் ஊறல் நீர் வேண்டும் என்று செய்முறை ஏட்டில் உள்ளது. எங்கள் பக்கம் நெல்லைவிடக் கேழ்வரகு அதிகம். ஆகவே கேழ்வரகுத் தாளை நறுக்கிக் கொதிக்க வைத்து, ஆறிய பின் மார்கண்டேய நதியின் மடுவிலிருந்து எடுத்த நீரைச் சிறிது சேர்த்து, வாயகன்ற பாட்டிலில் ஊற்றி வைத்தேன். நான்காம் நாள் நாற்றம் எடுத்தது; அம்மா பாட்டிலை மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து ஒரு சொட்டு நீரைக் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, செருப்பின் அடிப்பாகம் போன்ற உருவங்கள் சுழன்று சுழன்று ஓடின. உடல் முழுவதும் குற்றிழைகள். துடுப்புப் போடுவதுபோல் அவை அசைந்துகொண்டே இருந்தன.

அசிட்டிக் அமிலம் கலந்த மெத்தில் பச்சைச் சாயத்தை ஒரு துளி விட்டால் ஓட்டம் நின்று உட்கரு பச்சையாகத் தெரியும். அவரை விதை போன்ற பெரிய உட்கரு எளிதில் தெரிந்தது. அதன் குழிவான பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய உட்கருவைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புள்ளியில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

குற்றிழை உயிரிகள் எல்லாவற்றிற்கும் பொதுவான இயல்பு இது: ஒரே செல்லுக்குள் இரு வகை உட்கருக்கள். நம் வீட்டு மாட்டின் அசையிரைப்பையில் கோடிக்கணக்கில் வாழ்ந்து தீவனம் செரிக்கத் துணைபுரியும் குற்றிழை உயிரிகளும் இவ்வகையினவே. நம் நாட்டுத் திமில் மாட்டின் இரைப்பையில் வாழும் இவ்வுயிரிகளைப் பற்றிக் கோஃபாய்டும் மக்லென்னனும் 1930 முதல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆக, காலையில் நாம் பால் கறக்கும் மாட்டின் வயிற்றுக்குள்ளும் இந்த மூலமும் நகலும் இருக்கின்றன.

பழைய நகல் கரைகிறது

பாரமீசியம் வழக்கமாக இரண்டாகப் பிளந்து பெருகும். ஆனால் உணவு குறைந்து, தக்க துணையும் கிடைக்கும் காலத்தில் இரு பாரமீசியங்கள் ஒட்டிக்கொள்ளும். இதுவே இணைவு. அப்போது சிறிய உட்கரு குன்றல் பிரிவடைந்து நான்காகும். மூன்று அழியும். எஞ்சிய ஒன்று இரண்டாகப் பிரியும். அவற்றுள் ஒன்று தன் செல்லிலேயே தங்கும்; மற்றொன்று துணையின் செல்லுக்குள் செல்லும். தங்கியதும் வந்ததும் சேர்ந்து ஒரு புதிய உட்கரு உண்டாகும். இப்படிப் பரிமாறிக்கொண்டபின் இரு செல்களின் புதிய உட்கருக்களும் மரபு வகையில் ஒன்றே போல் இருக்கும். இதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இந்தப் புதிய உட்கரு மீண்டும் மீண்டும் பிரிகிறது. அந்தப் பிரிவுகளில் சில புதிய சிறிய உட்கருவாகவும், சில புதிய பெரிய உட்கருவாகவும் வளர்கின்றன. பழைய பெரிய உட்கரு துண்டு துண்டாகச் சிதறி இறுதியில் மறைகிறது. அடுத்த தலைமுறைக்கு அது போவதில்லை. பாடநூலில் இதுவரை உண்டு. நானும் இதுவரைதான் படித்திருந்தேன்.

பாடநூல் சொல்லாத இடம் இதற்கு அடுத்தது. ஒரே உட்கருவிலிருந்து பிறந்த இரண்டில், ஒன்று சிறியதாகவே நிற்க, மற்றொன்று எவ்வாறு பெரியதாகிறது? வெறும் படியெடுப்பினாலா? இல்லை. வெட்டித் திருத்தி எடுப்பதனால்.

வெட்டுக் கணக்கு

பாரமீசியம் டெட்ராரேலியா என்னும் இனத்தின் பெரிய உட்கருவில் உள்ள டி.என்.ஏ. முழுவதும் 2006இல் படித்தறியப்பட்டது. ஏறத்தாழ 7 கோடியே 20 இலட்சம் எழுத்துகள். ஏறத்தாழ 40,000 மரபணுக்கள். மனிதனுக்குப் புரதம் ஆக்கும் மரபணுக்கள் 20,000 அளவுதான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இப்புள்ளி உயிரியின் செல்வம் விளங்கும். இந்தத் தொகுதி பெரிய உட்கருவில் சுமார் 800 படிகளாக இருக்கிறது.

ஆனால் சிறிய உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. இவ்வளவு தூய்மையானதன்று. அங்கே மரபணுக்களுக்கு நடுவிலும், மரபணுக்களின் வயிற்றுக்குள்ளேயும் தேவையற்ற இடைத்துண்டுகள் செருகிக் கிடக்கின்றன. இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 45,000 என 2012இல் கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை 150 எழுத்துக்கும் குறைந்தவை. மிகச் சிறியதற்கு 26 எழுத்துகளே. புதிய பெரிய உட்கரு உருவாகும்போது இவை அனைத்தும் வெட்டி எடுக்கப்பட்டு, வெட்டிய முனைகள் ஒட்டப்படுகின்றன. ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அந்த மரபணு பொருளற்றுப் போகும். எனவே 45,000 இடங்களிலும் எழுத்துச் சுத்தமாக வெட்ட வேண்டும். அதுவும் ஒருமுறையன்று, பெருகி வரும் எல்லாப் படிகளிலும்.

இத்துண்டுகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் இவை தாவும் மரபணுக்களின் எச்சங்கள் என்று கருதப்படுகிறது. தாவும் மரபணு என்பது அழைக்காமல் வந்து நம் காட்டில் பரவிய உண்ணிச்செடி போன்றது. தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு எங்கும் செருகிக்கொள்ளும். விந்தையிலும் விந்தை, இத்துண்டுகளை வெட்டும் புரதமும் அதே கூட்டத்திலிருந்து வந்ததுதான். 'பிக்கிமேக்' என்று பெயரிடப்பட்ட அப்புரதம் ஒரு தாவும் மரபணுவின் வெட்டுக் கருவியிலிருந்து தோன்றியது என 2009இல் கண்டறிந்தார்கள். திருடனையே பிடித்துக் காவலுக்கு வைத்த கதை இது.

டெட்ராஹைமினா என்னும் மற்றொரு குளத்து உயிரியில் கணக்கு வேறு. அதன் சிறிய உட்கருவில் 5 இணைக் குரோமோசோம்கள். ஏறத்தாழ 15 கோடியே 70 இலட்சம் எழுத்துகள். பெரிய உட்கரு உருவாகும்போது சுமார் 12,000 துண்டுகள் நீக்கப்பட்டு ஏறத்தாழ 10 கோடியே 30 இலட்சமாகக் குறைகின்றன. அதாவது மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. அத்துடன் 5 குரோமோசோம்களும் உடைக்கப்பட்டு 180 அளவுக்குச் சிறு குரோமோசோம்கள் ஆகின்றன.

உடைத்தால் நுனிகள் பெருகும் அல்லவா? நுனிகள் தேயாமல் காக்க ஒவ்வொன்றுக்கும் பூண் வேண்டும். நுனிகள் மலிந்த இந்த உயிரியில்தான் எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசப் காலும் 1978இல் குரோமோசோம் நுனியின் எழுத்து வரிசையைப் படித்தார்கள். நுனியைப் புதுப்பிக்கும் டெலோமரேஸ் என்னும் நொதியை பிளாக்பர்னும் கரோல் கிரெய்டரும் 1985இல் இதிலேயே கண்டு வெளியிட்டார்கள். 2009ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும் ஜாக் சோஸ்டாக்குக்கும் கிடைத்தது. முதுமையையும் புற்றுநோயையும் ஆராய்வோர் இன்று பயன்படுத்தும் அறிவு ஒரு குளத்துப் பூச்சியிடமிருந்து வந்தது. அம்மாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் விடை இது.

எதை வெட்டுவது என்று யார் சொல்வது?

45,000 துண்டுகளையும் அடையாளம் காட்டுவது யார்? பாரமீசியத்தின் இடைத்துண்டுகள் யாவும் 'டி–ஏ' என்னும் ஈரெழுத்தில் தொடங்கி முடிகின்றன. ஆனால் அந்த ஈரெழுத்து டி.என்.ஏ.வில் எங்கும் நிறைந்தது. அதை மட்டும் நம்பி வெட்டினால் மரபணுக்களும் சேர்ந்து போய்விடும். வேறு ஏதோ வழிகாட்டி வேண்டும்.

அந்த வழிகாட்டி பழைய பெரிய உட்கரு. கரைந்து போகப் போகிறதே, அதுவேதான்.

டெட்ராஹைமினாவில் மோச்சிஸுக்கி, கோரோவ்ஸ்கி முதலானோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி திறந்தது. இணைவின் தொடக்கத்தில் சிறிய உட்கருவின் டி.என்.ஏ.விலிருந்து ஏறத்தாழ 28 எழுத்து நீளமுள்ள சிற்றார்.என்.ஏ.க்கள் ஏராளமாக உண்டாகின்றன. இவற்றில் தேவையான பகுதியின் படிகளும் உண்டு. தேவையற்றதன் படிகளும் உண்டு. இவை ஒரு புரதத்துடன் சேர்ந்து பழைய பெரிய உட்கருவுக்குள் சென்று அங்குள்ள எழுத்துகளோடு ஒத்துப் பார்க்கின்றன. அங்கே தனக்கு இணையைக் கண்டுகொண்ட சிற்றார்.என்.ஏ. கழிந்துவிடும். இணை காணாதவை மட்டும் எஞ்சும். எஞ்சியதன் பொருள் என்ன? 'இந்த எழுத்து வரிசை மூலத்தில் இருக்கிறது. ஆனால் தாயின் நகலில் இல்லை' என்பதே. அவை புதிய பெரிய உட்கருவுக்குள் போய் அதே வரிசையைத் தேடிப் பிடித்துக் குறியிடுகின்றன. குறியிட்ட இடம் வெட்டப்படுகிறது. பாரமீசியத்திலும் இதே போன்ற ஒத்துப்பார்த்தல் நடக்கிறது.

புதிய நகல் எடுக்கும் முன் பழைய நகலை அருகில் வைத்துக்கொண்டு, அதில் எந்தப் பக்கங்கள் விடுபட்டிருந்தனவோ அவற்றை இதிலும் விடுவது போன்றது இது.

இதன் விளைவை மிக அழகாகக் காட்டுவது பாரமீசியத்தின் இணைவு வகை. ஒரே இனத்துப் பாரமீசியங்களிலும் எல்லாம் எல்லாவற்றோடும் இணைவதில்லை என்பதை 1937இல் டிரேசி சோன்பார்ன் கண்டார். டெட்ராரேலியாவில் 'ஓ', 'ஈ' என இரு வகைகள் உண்டு. ஓ வகை ஈ வகையோடுதான் இணையும். இணைந்து உட்கருவைப் பரிமாறிக்கொண்டபின் இரண்டின் மரபும் ஒன்றேயாகிவிடும் என்று முன்பு சொன்னேன். ஆயினும் ஓ வகைச் செல்லின் வழித்தோன்றல்கள் ஓ வகையாகவும், ஈ வகையின் வழித்தோன்றல்கள் ஈ வகையாகவும் நிற்கின்றன. மரபு ஒன்று, வகை வேறு. இஃது எப்படி?

தீபங்கர் பிரதாப் சிங்கும் எரிக் மேயர் குழுவினரும் 2014இல் 'நேச்சர்' இதழில் விடை வெளியிட்டார்கள். ஈ வகையாக இருக்க ஒரு குறிப்பிட்ட மரபணு இயங்க வேண்டும். ஓ வகைச் செல்லின் பெரிய உட்கருவில் அந்த மரபணுவை முடுக்கிவிடும் பகுதி, ஏதோ இடைத்துண்டு போல வெட்டி எறியப்பட்டிருக்கிறது. தாயின் நகலில் அது இல்லை. ஆகவே மகளின் நகலிலும் விடப்படுகிறது. ஈ வகைத் தாயின் நகலில் அது இருக்கிறது. ஆகவே மகளிலும் நிற்கிறது. மூலத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தாயின் குறிப்பு மட்டும் கைமாறியது.

அந்தாதி போட்ட மரபணு

இதுவரை சொன்னது வெட்டி ஒட்டும் வேலை. ஆக்சிட்ரிக்கா என்னும் உயிரியில் இதனினும் கடினமான வேலை நடக்கிறது. அங்கே துண்டுகளின் வரிசையே கலைந்து கிடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 'அம்மா / பால் / கறந்து / ஊற்றினாள்' என்பது முறையான வாக்கியம். ஆக்சிட்ரிக்காவின் சிறிய உட்கருவில் இது 'கறந்து – குப்பை – அம்மா – குப்பை – ள்னாறிற்ஊ – குப்பை – பால்' என்று எழுதியிருக்கும். வரிசை மாறியிருக்கிறது, ஒரு சொல் தலைகீழாகவும் இருக்கிறது. குப்பையை நீக்கி, தலைகீழானதைத் திருப்பி, வரிசைப்படுத்தினால்தான் பொருள் வரும். இப்படிக் கலைந்த மரபணுக்களை டேவிட் பிரெஸ்காட் குழுவினர் 1980களின் இறுதியில் கண்டறிந்தார்கள். லாரா லேண்ட்வெபர் குழுவினர் 2014இல் இவ்வுயிரியின் சிறிய உட்கரு முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 50 கோடி எழுத்துகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீக்கப்படுகிறது. எஞ்சும் 2,25,000க்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்த்துத் தைக்கப்பட்டு, ஏறத்தாழ 16,000 நுண் குரோமோசோம்கள் ஆகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு மரபணு மட்டுமே இருக்கும்!

எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு? இதற்கு இயற்கை வகுத்த வழியைத் தமிழ் படித்தவர்கள் எளிதில் உணரலாம். ஒரு துண்டின் இறுதியில் உள்ள சில எழுத்துகளே அடுத்த துண்டின் தொடக்கத்திலும் வருகின்றன. இது அந்தாதித் தொடை அல்லவா? அந்தாதி நூலொன்றின் ஓலைகள் கலைந்து போனாலும், ஒரு பாட்டின் ஈற்றுச் சொல்லை எடுத்து அதில் தொடங்கும் பாட்டைத் தேடி வரிசைப்படுத்திவிடலாம். ஆனால் சில துண்டுகளில் இந்த அந்தாதி எழுத்துகள் மிகச் சில. அவற்றை மட்டும் நம்பினால் தவறிவிடும். ஆகவே இங்கும் பழைய பெரிய உட்கரு கைகொடுக்கிறது. அது தன் நுண் குரோமோசோம்களின் ஆர்.என்.ஏ. படிகளைப் புதிய உட்கருவுக்கு மாதிரியாகத் தருகிறது. 2008இல் நோவாக்கி முதலானோர் வரிசை மாற்றிய ஆர்.என்.ஏ. மாதிரியைச் செயற்கையாகச் செலுத்திப் பார்த்தார்கள். புதிய உட்கருவில் துண்டுகள் அந்த மாறிய வரிசையிலேயே தைக்கப்பட்டன. மாதிரிதான் வழிகாட்டுகிறது என்பது அதனால் உறுதியாயிற்று.

டெட்ராஹைமினாவில் சிற்றார்.என்.ஏ. 'இதை வெட்டு' என்று காட்டுகிறது. ஆக்சிட்ரிக்காவிலோ 'இதைக் காப்பாற்று' என்று காட்டுகிறது என 2012இல் தெரிய வந்தது. ஒரே நோக்கத்திற்கு இரு நேர்மாறான வழிகள்!

நம் நாட்டில்

இவையெல்லாம் அயல்நாட்டார் ஆராய்ச்சி என்று எண்ணிவிட வேண்டா. குற்றிழை உயிரிகளைப் பற்றி பி. எல். பாட்டியா எழுதிய பெருநூல் இந்திய விலங்கின வரிசையில் 1936இலேயே வெளிவந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குப்தா, கம்ரா, சப்ரா ஆகியோர் 2006இல் ஆக்சிட்ரிக்கா குடும்பத்தில் ஒரு புதிய பேரினத்தையே விவரித்தார்கள். அதன் பெயர் ஆர்க்கிட்ரிக்கா இண்டிகா; பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

புவனேஸ்வரத்தில் உள்ள தேசிய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அப்துர் ரகுமான் குழுவினர் டெட்ராஹைமினாவை ஆராய்கின்றனர். புதிய பெரிய உட்கரு வளர அதன் உறையும் விரிய வேண்டும். அதற்கு டி.ஆர்.பி.6 என்னும் புரதம் தேவை என்பதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் அமெரிக்காவிலிருந்து வெளியிட்டார்கள். அந்தப் புரதம் உட்கரு உறையில் சென்று சேரக் கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருள் துணைபுரிவதை 2021இல் புவனேஸ்வரத்திலிருந்தே வெளியிட்டார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று, இந்த வேலையைச் செய்யக் கடல் கடக்க வேண்டியதில்லை, ஒரு நாள் இரயில் பயணம் போதும் என்ற எண்ணம் என் மனத்தில் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

நம் உடலிலும்

'எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.' என்பது பெரும்பாலும் சரியான விதி. ஆனால் விதிவிலக்குகள் ஒரு செல் உயிரிகளோடு நிற்கவில்லை. குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவில், உடல் செல்கள் தம் குரோமோசோமின் ஒரு பகுதியைக் கழித்துவிடுவதை தியோடர் பொவேரி 1887இலேயே கண்டார். நம் உடலிலும், எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளணுக்கள் தம் மரபணுத் துண்டுகளை வெட்டி, மாற்றி மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. இதை 1976இல் காட்டிய சுசுமு தொனேகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார். அங்கே வெட்டும் கருவியும் பழைய தாவும் மரபணு ஒன்றிலிருந்து வந்ததே. வரும் நோய் எதுவெனத் தெரியாமலே ஆயிரமாயிரம் எதிர்ப்பொருள்களை நம் உடல் ஆக்க முடிவது இந்த வெட்டு வேலையால்தான். அம்மாவின் கேள்விக்கு இரண்டாவது விடை இது.

தந்தையார் பார்த்தது

இவ்வாண்டு பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று எங்கள் துறையில் கண்காட்சி நடந்தது. என் மேசையில் பாரமீசியம். இரவு ஷிப்டு முடித்து, உடுப்புகூட மாற்றாமல் என் தந்தையார் ஓசூரிலிருந்து நேரே வந்துவிட்டார். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கில்தான்; அதைத் தமிழில் தருகிறேன்.

குழாயைப் பிடிக்கத் தெரியாமல் முதலில் தடுமாறினார். பிறகு குறைந்த விரல்களாலேயே மெல்லத் திருகித் தெளிவாக்கிக்கொண்டார். எந்திரம் ஓட்டிய கை. வெகுநேரம் பார்த்தார்.

"பெருசு ஒண்ணு, புள்ளி மாதிரி ஒண்ணு."

"ஆமா நைனா. புள்ளிதான் மூலப்பத்திரம். பெருசு நகல். வேலையெல்லாம் நகலுதான் பார்க்கும்."

"புது நகல் எடுத்தா பழசு என்னாகும்?"

"கரைஞ்சு போயிடும். ஆனா உடனே இல்ல. புதுசு தயாராகுற வரைக்கும், உடைஞ்ச துண்டா இருந்தாலும் வேலை பார்த்துக்கிட்டே இருக்கும். எதை வெச்சுக்கணும், எதை விடணும்னு புதுசுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போகும்."

நான் சொன்னதில் உவமை எதுவும் இல்லை. பாரமீசியத்தில் பழைய உட்கருவின் துண்டுகள் புதியது வளரும்வரை இயங்கிக்கொண்டிருப்பது அறிவியல் உண்மை. ஆனால் சொல்லி முடித்தபின்தான் யாரிடம் சொல்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "அடுத்த பரீட்சை பீஸ் எப்போ கட்டணும்?" என்று கேட்டார். மாமாவின் கம்பெனி பற்றி அன்றும் பேசவில்லை; அதன்பிறகும் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

மனிதர்களாகிய நமக்குக் கல்வி உட்கரு வழியாக வருவதில்லை என்பதை நான் அறிவேன். உவமையை அளவுக்கு மேல் இழுக்கக்கூடாது. ஆனால் ஒரு சின்ன உயிரியைக் கூர்ந்து பார்த்ததால், வீட்டில் தினம் பார்க்கும் ஒன்று எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அம்மாவின் கேள்விக்கு மூன்றாவது விடையாக இதைத்தான் சொல்ல முடியும். முதலிரண்டு விடைகளையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இதை இன்னும் சொல்லவில்லை.

நண்பர்களே, உங்கள் ஊர்க் குளத்திலும் இந்த உயிரி இருக்கிறது. ஒரு பிடி தாளும் ஒரு பாட்டிலும் ஒரு வாரப் பொறுமையும் போதும். பார்த்துவிட்டு ஐயம் எழுந்தால் கேளுங்கள்; நம் துறையில் கேள்விக்கு மதிப்பெண் குறைவதில்லை என்பது என் அனுபவம்.

'உறுதியாகத் தெரியுமா?' என்று கேட்ட எங்கள் பேராசிரியருக்கு, ஓர் ஆண்டு கழித்து என் விடையைத் திருத்தி எழுதுகிறேன்: பாரமீசியத்தின் இரு உட்கருக்களிலும் உள்ளது ஒரே டி.என்.ஏ. அன்று, ஐயா. பெரியது, சிறியதிலிருந்து வெட்டித் திருத்தி எடுக்கப்பட்ட நகல். திருத்தியது எப்படி என்பதை அதற்குச் சொல்லிக் கொடுத்தது, இப்போது இல்லாத பழைய நகல்.